கூடை சுமக்கலாம், கூடையில் பந்து போடக் கூடாதா?

பழவேற்காட்டு ஏரியைச் சேர்ந்த பசியாவரம் முதலிய மீனவர் கிராமங்களில் ஒரு பெண் விடியுமுன் எழுந்து, மீன் கூடையைத் தலையில் ஏற்றி, படகேறிக் கரையிறங்கி, சந்தைக்கு நடந்து, யார் யாரோடோ பேரம் பேசி விற்று, வெறுங்கூடையோடு வீடு திரும்புவாளேயானால் அதை ஒருவரும் ஆட்சேபிப்பதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காய் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாளேயானால், அதனால் அவளுடைய பெண்மை கெட்டுப் போயிற்றென்று எந்த சாஸ்திரியாரும் எந்த ஊர்ப் பெரியதனக்காரரும் இதுவரை சொன்னதில்லை. ஆனால் அதே வீட்டுப் பெண் பள்ளிக்கூட மைதானத்தில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, பத்தடி உயரத்தில் மாட்டிய வளையத்தில் பந்தைப் போட ஓடினாளென்றால் உடனே உலகம் புரண்டு விடுகின்றது. அடக்கம் போயிற்று என்பார் ஒருவர். வயிறு கெட்டுப் போகும் என்பார் மற்றொருவர். இவளை யார் கட்டிக் கொள்வான் என்பார் மூன்றாமவர்.

இதில் நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். கூடையைப் பெண் தலையில் சுமந்தால் அது தர்மம், கூடையில் பெண் பந்து போட்டால் அது அதர்மம் என்பதற்கு என்ன ஆதாரம்? இரண்டிலும் உடம்பு அசைகின்றது. இரண்டிலும் வியர்வை சிந்துகின்றது. இரண்டையும் நாலு பேர் பார்க்கிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். முன்னதில் வரும் லாபம் வீட்டுக்கும் வீட்டு ஆணுக்கும் போகின்றது. பின்னதில் வரும் சந்தோஷமும் பலமும் பெயரும் அந்தப் பெண்ணுக்கே போகின்றது. ஆட்சேபணையெல்லாம் இங்கேதான் பிறக்கின்றதே அல்லாமல், அடக்கத்திலும் பிறக்கவில்லை, ஆரோக்கியத்திலும் பிறக்கவில்லை.

இது ஏதோ நம் நாட்டு மூடத்தனம் மாத்திரம் என்று யாரும் நினைத்து விட வேண்டாம். கூடைப்பந்து பிறந்த அமெரிக்காவிலேயே, அதுவும் படித்தவர்கள் நிறைந்த சர்வகலாசாலைகளிலேயே, இந்த ஆட்சேபணைகள் அத்தனையும் சொல்லப்பட்டு, ஒவ்வொன்றாய்ப் பொய்த்துப் போயிருக்கின்றன. அந்தச் சரித்திரத்தை நம் கிராமத்துத் தோழர்கள் தெரிந்து கொள்வது மிகவும் அவசியமாகும்.

1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உபாத்தியாயர், குளிர்காலத்தில் மாணவர்கள் கட்டிடத்துக்குள்ளேயே ஆடுவதற்கென்று பழம் வைக்கும் இரண்டு கூடைகளைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டி, 13 விதிகள் எழுதி இந்த விளையாட்டை உண்டாக்கினார். வேதத்திலிருந்தும் வரவில்லை, ஆகாயத்திலிருந்தும் குதிக்கவில்லை. ஒரு மனிதன் தேவையை உத்தேசித்து யோசித்தான், செய்தான், அவ்வளவுதான். மறு வருஷமே, அதாவது 1892-ல், பக்கத்திலிருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற அம்மையார் இதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக் கொடுத்தார். அந்த அம்மையார் இளமையில் நோஞ்சானாய் இருந்தவர். தேகப்பயிற்சியால் உடல் தேறியவர். தாம் தேறிய வழியை மற்றப் பெண்களுக்கும் காட்டினார்.

அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பற்றி இருந்த அபிப்பிராயம் என்ன தெரியுமா? 1873-ல் எட்வர்டு கிளார்க் என்ற பெரிய டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் ஆண்களைப் போல் பாடுபட்டுப் படித்தால் உடம்பின் சக்தியெல்லாம் மூளைக்குப் போய்விடும், பிள்ளை பெறும் உறுப்புகள் வாடி விடும் என்பது அதன் சாரம். நம் ஊர்ப் பாட்டி சொன்னால் அது மூடநம்பிக்கை. டாக்டர் பட்டம் வாங்கியவர் சொன்னால் அது விஞ்ஞானமாம்! அவர் சொன்னதற்குப் பிறகு கோடிக்கணக்கான பெண்கள் படித்து, பிள்ளைகளும் பெற்று, அந்தப் பிள்ளைகளையும் படிக்க வைத்து விட்டார்கள். டாக்டருடைய புத்தகம்தான் வாடிப் போயிற்று. பட்டம் பெற்றவர் சொன்னாலும் பஞ்சாங்கக்காரர் சொன்னாலும், அனுபவத்தில் வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

1893 மார்ச் மாதம் ஸ்மித் கல்லூரி மாணவிகள் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து பந்தயம் ஆடினார்கள். ஆடும்போது கதவைப் பூட்டி வைத்தார்கள். ஏனென்றால் ஆண்கள் பார்த்துவிடக் கூடாதாம்! அதோடும் நிற்கவில்லை. ஆடுகளத்தை மூன்று பாகமாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பாகத்தில் நிற்கும் பெண் அடுத்த பாகத்தில் காலெடுத்து வைக்கக் கூடாதென்று விதி செய்தார்கள். அதிகம் ஓடினால் பெண் தாங்கமாட்டாள் என்பது அதற்குக் காரணம். ஆண் களம் முழுவதும் ஓடலாம். பெண் தனக்கு விதித்த கட்டத்துக்குள் நிற்க வேண்டும். தோழர்களே, இந்தக் கோடு உங்களுக்குப் புதிதா? அடுப்பங்கரைக்கும் திண்ணைக்கும் நடுவிலும், திண்ணைக்கும் தெருவுக்கும் நடுவிலும், நம் வீடுகளில் யாரும் சுண்ணாம்பால் போடாமலே கிடக்கும் கோடு இதுதானே! அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் களம் முழுவதும் ஓடி ஐந்து பேர் ஆட்டம் ஆட அனுமதி கிடைத்தது 1971-ம் வருஷத்தில்தான். ஒரு சுண்ணாம்புக் கோட்டை அழிக்க ஏறக்குறைய எண்பது வருஷம் ஆயிற்று.

இனி ஒரு சர்வகலாசாலைப் பெண்கள் அணியின் கதையைச் சொல்லுவோம். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு என்ற சர்வகலாசாலை இருக்கின்றது. அதன் பெண்கள் அணி 1896-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ந் தேதி, சான்பிரான்சிஸ்கோ நகரில், கலிபோர்னியா சர்வகலாசாலைப் பெண்கள் அணியோடு மோதிற்று. இரண்டு கல்லூரிகளின் பெண் அணிகள் ஒன்றோடொன்று கூடைப்பந்து ஆடியதில் இதுவே முதலாவது. ஒரு பக்கத்துக்கு 9 பேர். பார்க்க வந்த நூற்றுக்கணக்கான பேரும் பெண்களே. ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. வெளியே நின்ற ஆண்களோ சும்மா இருக்கவில்லை. கூரைமேல் ஏறியும் ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்க்க முயன்றார்கள். உள்ளே பந்தாடிய பெண்களின் அடக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள், கூரைமேல் ஏறிய ஆண்களின் அடக்கத்தைப் பற்றி ஏதாவது விதி செய்தார்களா என்று கேட்கிறோம். பந்தயத்தில் ஸ்டான்போர்டு 2-க்கு 1 என்ற கணக்கில் ஜெயித்தது.

ஜெயித்த அணிக்கு என்ன மரியாதை கிடைத்தது? மூன்றே வருஷத்தில், 1899-ல், அந்தச் சர்வகலாசாலையின் அதிகாரிகள், பெண்கள் மற்றக் கல்லூரிகளோடு அணி சேர்ந்து பந்தயம் ஆடக் கூடாதென்று தடை போட்டு விட்டார்கள். பெண்களின் ஆரோக்கியத்தை உத்தேசித்தே தடை என்றார்கள். அந்தப் பெண்களைக் கேட்டார்களா? இல்லை. அந்தப் பெண்களில் யாராவது ஆடியதால் செத்துப் போனார்களா? அதுவும் இல்லை. பெண்ணின் உடம்பைப் பற்றிப் பெண்ணைக் கேட்காமலே முடிவு செய்வது என்பது உலகத்தில் எல்லாப் பாஷையிலும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கின்றது.

நிற்க, 1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் பணம் வாங்கும் கல்வி ஸ்தாபனம் எதுவும் ஆண் பெண் என்று வித்தியாசம் காட்டக் கூடாது என்பது அச்சட்டம். அதன்பிறகே பெண்கள் அணிகளுக்குப் பணமும், மைதானமும், பயிற்சியாளரும், படிப்புச் சம்பள உதவியும் கிடைக்கத் தொடங்கின. எந்த ஸ்டான்போர்டில் பெண்கள் பந்தாடினால் உடம்பு கெடும் என்று தடை போட்டார்களோ, அதே ஸ்டான்போர்டின் பெண்கள் அணி 1990-லும், 1992-லும், 2021-லும் அமெரிக்கா முழுவதற்கும் முதலாவதாக வந்தது. 1899-க்கும் 1990-க்கும் நடுவில் பெண்ணின் எலும்பு மாறிவிடவில்லை, ரத்தம் மாறிவிடவில்லை, கர்ப்பப்பையும் மாறிவிடவில்லை. மாறியது சட்டமும், மைதானத்தின் கதவுமே ஆகும். ஆகவே, பெண்ணால் முடியாது என்று இயற்கையின் தலையில் போட்ட பழியெல்லாம் உண்மையில் கதவைப் பூட்டியவர்களின் மேல் போட வேண்டிய பழியே என்பது விளங்கவில்லையா?

உலகப் பந்தயமாகிய ஒலிம்பிக்கில் ஆண்களுக்குக் கூடைப்பந்து 1936-ல் வைத்தார்கள். பெண்களுக்கு வைத்தது 1976-ல். நாற்பது வருஷம் என்ன யோசித்தார்களோ தெரியவில்லை. இவ்வளவுக்கும் கூடை அதே கூடை, உயரமும் அதே பத்தடி. பிற்பாடு இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தலையில் துணி கட்டிக் கொண்டு சர்வதேசப் பந்தயம் ஆடக் கூடாதென்ற ஒரு விதி இருந்து, அதனால் பல முஸ்லிம் பெண்கள் களத்துக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டு, கடைசியாக 2017-ல்தான் அவ்விதி நீக்கப்பட்டது. மூடிக்கொண்டு வா என்று ஒரு கூட்டமும், மூடாமல் வா என்று ஒரு கூட்டமும் கட்டளையிட, நடுவில் நிற்கும் பெண்ணை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1857-ல் சென்னை சர்வகலாசாலை ஏற்பட்டது. 1875-ல்தான் சென்னை வைத்தியக் கல்லூரியில் முதல்முதல் நான்கு பெண்கள் படிக்க அனுமதிக்கப்பட்டார்கள். 1904-ல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி அம்மையார் சேர வந்தபோது, ஒரு பெண் வந்தால் ஆண் பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்று ஆட்சேபணை கிளம்பிற்று. அந்த ஆட்சேபணையையும் மீறி ராஜா அவரைச் சேர்த்துக் கொண்டார். அந்த அம்மையார் 1912-ல் டாக்டராகி வெளிவந்தார். கெட்டுப் போவார்கள் என்று சொல்லப்பட்ட ஆண் பிள்ளைகள் அதனால் கெட்டுப் போனதாய் இதுவரை ஒரு சேதியும் இல்லை. 1914-ல் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி ஏற்பட்டு, அது ராணி மேரிக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1920-ல் ஹாரி பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். மைதானம் வந்தது, உபாத்தியாயர்களும் வந்தார்கள். படிப்பில் கதவு திறந்த பிறகும் மைதானத்தில் கதவு திறக்கப் பெண்களுக்கு நெடுநாள் ஆயிற்று. புத்தகம் படிக்கும் பெண்ணைச் சகித்துக் கொண்ட ஊர், ஓடும் பெண்ணைச் சகிக்கவில்லை.

ஆனாலும் ஓடினார்கள். இன்று சென்னை சர்வகலாசாலைப் பெண்கள் அணியும், எஸ்.ஆர்.எம். அணியும் அகில இந்தியப் பந்தயத்துக்குப் போனால் மற்ற மாகாணத்தார் எச்சரிக்கையாகவே எதிர்கொள்ளுகிறார்கள். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அவர்கள் 2001 முதல் 2017 வரை இந்திய அணியில் ஆடினார். அதற்குத் தலைமையும் வகித்தார். ஆசியப் போட்டியில் ஒன்பது முறை ஆடினார். கல்யாணமாகித் தாயான பின்னும் களத்துக்குத் திரும்பி வந்து ஆடினார். 2021-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. பந்தாடினால் வயிறு கெடும், கல்யாணமாகாது, பிள்ளை பிறக்காது என்பவர்கள் இந்த அம்மையாரின் சரித்திரத்துக்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?

இந்த விளையாட்டு அந்நிய நாட்டுச் சரக்கு, நமக்கு ஆகாது என்று சிலர் சொல்லக் கூடும். பழவேற்காட்டில் நின்று கொண்டு இதைச் சொல்லுவது வெகு விநோதம். ஒல்லாந்தர் 1613-ல் கோட்டை கட்டி வியாபாரம் செய்த துறை அது. இன்று ஏரியில் வீசும் நைலான் வலை எந்த ரிஷி கொடுத்தது? படகுக்குப் பின்னால் கட்டியிருக்கும் இயந்திரம் எந்தப் புராணத்தில் இருக்கின்றது? அவற்றையெல்லாம் வேண்டாமென்று தள்ளினோமா? ஆணுக்கு உதவும் அந்நியப் பொருள் முன்னேற்றமாம். பெண்ணுக்கு உதவும் அந்நியப் பொருள் மாத்திரம் நாகரிகக் கேடாம்!

தீட்டு என்று ஒரு தடை சொல்லுகிறார்கள். பெண் பெரியவளான அன்றே அவளை மைதானத்திலிருந்து நிறுத்தி, மஞ்சள் நீராட்டி, பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு, சீர் வரிசை வாங்குகிறார்கள். அவளுடைய உடம்பில் நடந்த ஒரு சாதாரண விஷயத்தை ஒலிபெருக்கி வைத்து ஊருக்கெல்லாம் சொல்லுவது வெட்கமில்லையாம். அவள் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவது வெட்கமாம்! அந்தப் பந்தலுக்கும் விருந்துக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கும் பணத்தில், அந்தப் பெண்ணைக் கல்லூரி வாசல் வரையில் கொண்டு போய் விடலாமே என்று ஒரு தகப்பனாராவது யோசித்தாரா?

இன்னும் சில நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம்மைப் பார்த்து, ஐயா, ஏரியில் மீன் குறைந்து போயிற்று, முகத்துவாரம் மணல் தூர்ந்து போகின்றது, கடன்காரன் வாசலில் நிற்கிறான், இந்த நிலையில் பெண்களுக்குப் பந்து ஒரு கேடா, முதலில் சோறல்லவா வேண்டும் என்கிறார்கள். இது யோசிக்க வேண்டிய வார்த்தை. பசியாவரம் முதலிய தீவு ஊர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக நெடுங்காலம் படகொன்றே வழியாய் இருந்ததையும், பாலம் வேண்டும் பாலம் வேண்டும் என்று அவ்வூரார் வருஷக்கணக்காய்க் கேட்டு வந்ததையும் நாம் அறிவோம். காற்று அடித்தால் படகில்லை, படகில்லையென்றால் படிப்பில்லை என்று இருந்தவர்களுக்குப் பந்தைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமாய்த் தோன்றலாம்.

ஆனால் கவனித்துப் பார்க்க வேண்டும். சோறு முதலில், பெண்ணின் சுதந்திரம் பிறகு என்று சொல்லுகிறவர்கள், மகன் பந்தாடும்போது இதைச் சொல்லுகிறார்களா? ஏரிக்கரையில் பையன்கள் மட்டை எடுத்துக் கொண்டு நாள் முழுவதும் ஆடுகிறார்கள். அப்போது மீன் குறைந்ததும் கடன்காரன் நிற்பதும் ஞாபகத்துக்கு வருவதில்லை. பெண் கேட்கும்போதுதான் வறுமை ஞாபகத்துக்கு வருகின்றது.

அன்றியும், சோற்றுக்கும் இந்தப் பந்துக்கும் சம்பந்தம் இல்லையென்று யார் சொன்னது? நன்றாய் ஆடும் பெண்ணுக்குச் சம்பளமில்லாமல் இடம் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. அரசு உத்தியோகத்தில் விளையாட்டு வீரருக்கென்று ஒதுக்கீடு உண்டு. ரயில்வே இலாகா பெண்கள் அணியே வைத்து, ஆடுகிறவர்களுக்கு வேலையும் கொடுக்கின்றது. எல்லாப் பெண்ணும் இந்திய அணிக்குப் போய் விடுவாள் என்று நாம் ஏமாற்று வார்த்தை சொல்லவில்லை. நூற்றில் ஒருத்தி போனாலே அதிகம். மற்ற 99 பேருக்கும் லாபம் உண்டு. தனியாய் இருக்கும் பெண்ணை எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது சுலபம், கேட்க நாதியில்லை. ஒரு அணியில் சேர்ந்த பெண்ணை நிறுத்தினால், மறுநாள் காலையில் அவளுடைய கூட்டாளிகளும் ஆசிரியையும் வாசலில் வந்து நின்று, ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ஐந்து பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் என்பதே அந்த ஐந்து பேருக்கும் ஒரு காவலாகும்.

ஏரியின் சில மீனவர் ஊர்களில் பாடு என்று ஒரு முறை இருக்கின்றது. இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொள்ளுகிறார்கள். சண்டையில்லாமல் தண்ணீரைப் பங்கிட்டுக் கொள்ள நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டில் தலைக்கட்டு என்று எண்ணப்படுகிறவர்கள் ஆண்களே. பிடித்ததை வகை பிரிக்கவும், உலர்த்தவும், சுமக்கவும், விற்கவும் பெண் வேண்டும். பாட்டில் மாத்திரம் அவளுக்குப் பெயரில்லை. பாடு ஆணுக்கு, பாடுபடுவது பெண்ணுக்கு! மைதானத்தையும் நாம் இப்படியேதான் பங்கு போட்டிருக்கிறோம். பெண்ணுக்கும் தண்ணீரில் பங்கு, தரையில் பங்கு, ஊர்க் கூட்டத்தில் பேச்சு என்று கேட்கும் நாள் வர வேண்டுமானால், களம் முழுவதும் ஓடிப் பழகிய பெண்கள் ஊரில் இருக்க வேண்டும். கட்டத்துக்குள் நிற்கப் பழகினவள் கூட்டத்தில் எழுந்து நிற்கமாட்டாள்.

ஆகவே, ஏரிக்கரைத் தோழர்கள் செய்ய வேண்டிய காரியம் என்னவென்றால், பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு கூடைப்பந்துக் களத்துக்கு வேண்டியது 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள சமதரை. தேர் நிறுத்த இடம் கண்டுபிடிக்கும் ஊருக்கு இது கிடைக்காதா? இரண்டு கம்பம், இரண்டு வளையம், ஒரு பந்து. திருவிழாவில் ஒரு ராத்திரி வாணம் கொளுத்தும் பணத்தில் இது முடிந்து போகும். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தேகப்பயிற்சி ஆசிரியை வேண்டுமென்று மனுப் போடுங்கள். ஆட்டம் முடிந்து இருட்டுமுன் பெண்கள் வீடு திரும்ப வழி செய்யுங்கள். பெரியவளானாள் என்று சொல்லி ஒரு பெண்ணையும் மைதானத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் நிறுத்துவதில்லையென்று ஊர்க் கூட்டத்தில் தீர்மானம் செய்யுங்கள். அந்தத் தீர்மானத்தில் தாய்மாரும் கைதூக்கட்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் கொள்ளுகிறோம். உங்கள் தலையில் கூடையை ஏற்றி வைத்தவர்கள் உங்களைக் கேட்டு ஏற்றவில்லை. உங்கள் மகள் ஒரு கூடையைத் தானாகவே தெரிந்தெடுத்து, அதை அண்ணாந்து பார்த்து நிற்கிறாள். அவள் கையில் பந்தைக் கொடுங்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம். ஸ்டான்போர்டில் தடை போட்டவர்களின் பெயரை இன்று ஒருவரும் நினைப்பதில்லை. அங்கே பெண்கள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள்.